பாலங்களை ஆராய்ந்த பேரறிஞர் ஆய்லர்

கணித உலகின் பேரறிஞர் லெயோனார்டு ஆய்லர், 1707-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பிறந்தார். தந்தை பாதிரியார், மகனும் சமயப் பணி ஏற்கவேண்டும் என விரும்பினார். மகனின் உள்ளமோ கணிதத்தை நாடியது. கடினமான நூல்களைத் தாமே கற்று, எழுந்த ஐயங்களைச் சனிக்கிழமைதோறும் பேராசிரியர் யோகான் பெர்னூலியிடம் கேட்டுத் தெளிந்தார். 1727-இல் ருசியாவின் பீட்டர்ஸ்பர்க் நகர அறிவியற் கழகத்தில் சேர்ந்தார்.

கோனிக்ஸ்பர்க் நகரில் ஏழு பாலங்கள் இருந்தன. எதையும் இருமுறை கடவாமல் ஏழையும் நடந்து முடிக்க இயலுமா? இப்புதிருக்கு 1735-இல் ஆய்லர் விடை கண்டார். தெருவின் நீளத்தையும் வளைவையும் அவர் பொருட்படுத்தவில்லை. எது எதனோடு இணைகிறது என்பதையே நோக்கினார். நான்கு நிலப்பகுதிகளிலும் ஒற்றைப்படை எண்ணிக்கையிற் பாலங்கள் சேர்வதால் இயலாது என நிறுவினார். வலைப்பின்னல் ஆய்வுக்கு அதுவே கால்கோள்.

1741-இல் பெர்லின் சென்றார். 1750-இல் திண்ம உருவங்களின் முனை, விளிம்பு, முகம் ஆகியவற்றின் தொடர்பைக் கண்டறிந்தார். 1766-இல் பீட்டர்ஸ்பர்க் திரும்பியபின் பார்வையை ஏறத்தாழ முழுவதும் இழந்தார். ஆயினும் மனத்திலேயே கணக்கிட்டுப் பிறரை எழுதச் செய்தார். 1783 செப்டம்பர் 18-இல் மறைந்தார்.

அவர் வகுத்த வழியில், இன்று நகர ரயிலையும் அளக்கிறோம். இணைப்புகளின் எண்ணிக்கையிலிருந்து நிலையங்களின் எண்ணிக்கையைக் கழித்து ஒன்றைக் கூட்டினால், ஒன்றையொன்று சாராத சுற்றுவழிகள் எத்தனை என்பது கிடைக்கும். பத்து நிலையங்களை ஒன்பது இணைப்புகள் வரிசையாகச் சேர்த்தால் விடை சுழி. ஓரிடம் அறுந்தால் மாற்று வழியே இல்லை!

எங்கள் குடுபல்லி வழியே செல்லும் ஜோலார்பேட்டை–பெங்களூர்ப் பாதையில் தடை நேர்ந்தால், நெடுந்தூர வண்டிகளைச் சேலம், ஓசூர் வழியே திருப்பலாம். நாள்தோறும் பெங்களூர் சென்று உழைத்துத் திரும்பும் எங்கள் பக்கத்து மக்களுக்கோ அன்றைய கூலி போய்விடும்.

சென்னையில் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. கடற்கரையிலிருந்தே புறப்படும் பறக்கும் ரயில் 2007-இல் வேளச்சேரியை எட்டியது. அங்கிருந்து தாம்பரம் பாதையிலுள்ள பரங்கிமலைக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர்தான். ஆயினும் நிலம் எடுப்பதில் எழுந்த வழக்குகளால் அப்பணி ஆண்டுக்கணக்கில் தடைப்பட்டது. நீளத்தால் சிறிது, ஆனால் இரண்டு பாதைகளை ஒரு சுற்றாக்கும் இணைப்பு அது.

ஆகவே, மாணவத் தோழர்களே, புதிய பாதை எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதோடு நில்லாமல், அது எந்தச் சுற்றை மூடுகிறது என்றும் கேட்போம். பார்வை இழந்த அப்பெரியார் நமக்கு அளித்த பார்வை அதுவே என்பேன்.