பல் மருத்துவக் கல்வியின் முன்னோடி

மாணவர்களே! பல்வலியால் ஓர் இரவேனும் உறங்காதிருந்தவர் உங்கள் வகுப்பில் சிலரேனும் இருப்பர். மறுநாள் காலையில் பெற்றோர் உங்களை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருப்பர். அங்கே சாய்ந்த நாற்காலியும், அதன் மேலே விளக்கும், வாயை ஆராய்ந்து பார்க்கும் பல் மருத்துவரும் இருந்திருப்பர். இன்று இது நமக்குப் பழகிய காட்சி. ஆயினும், 1920ஆம் ஆண்டுக்கு முன்பு பல் மருத்துவம் கற்க விரும்பிய இந்தியருக்கு நம் நாட்டில் ஒரு கல்லூரிகூட இல்லை. அந்தக் குறையைத் தம் வாழ்நாள் உழைப்பால் நீக்கியவர் டாக்டர் ரஃபியுதீன் அகமது.

அக்காலத்தில் மக்கள் பல்லைப் பேணாமல் இருந்தனர் என்று எண்ணிவிடலாகாது. ஆலங்குச்சியாலும் வேப்பங்குச்சியாலும் பல் துலக்கும் வழக்கம் நம் முன்னோரிடம் உறுதியாக இருந்தது. ஆனால், பல் சொத்தையாகி வலி பொறுக்க முடியாமற் போனால், சந்தையிலும் தெருவோரத்திலும் குறடு வைத்துக்கொண்டு பல் பிடுங்குவோரிடமே ஏழைகள் செல்ல வேண்டியிருந்தது. நோயுற்ற பல்லைக் காப்பாற்றலாம் என்பதே பலருக்குத் தெரியாது. பல்லைப் பிடுங்குவதற்கு எதற்குப் படிப்பு என்று கேட்டவர்கள் மிகுதி. அகமது போராட வேண்டியிருந்தது நோயோடு மட்டுமன்று, இந்த எண்ணத்தோடும்தான்.

அவர் 1890ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 24ஆம் நாள் கிழக்கு வங்காளத்தில், டாக்கா பகுதியிலுள்ள பர்தன்பாரா என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்கதேசத்தில் உள்ளது. அலிகாரில் 1908ஆம் ஆண்டு கல்லூரிப் படிப்பை முடித்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. கப்பற்பயணம் என்றால் என்னவென்று தீவில் வாழும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சென்னைக்குச் செல்லும் மூன்று நாள் பயணமே நமக்கு நீண்டதாகத் தோன்றுகிறது. அவருடைய பயணமோ உலகின் மறுகோடிக்கு.

உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1840ஆம் ஆண்டிலேயே தோன்றியிருந்தது. ஆகவே, இத்துறையைக் கற்க விரும்பியோர் அந்நாட்டை நாடிச் சென்றதில் வியப்பில்லை. அகமது அயோவா பல்கலைக்கழகத்தில் பயின்று, 1915ஆம் ஆண்டு பல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர், பாஸ்டன் நகரில் குழந்தைகளுக்கென்றே நிறுவப்பட்டிருந்த ஃபோர்சித் பல் மருத்துவமனையில் 1918 வரை பணியாற்றினார். வசதியற்ற வீட்டுக் குழந்தைகளின் பற்களைப் பேணுவதே அம்மருத்துவமனையின் நோக்கம். அமெரிக்காவிலேயே தங்கி வளமாக வாழ அவருக்கு வாய்ப்பு இருந்தது. ஆயினும் அவர் 1919ஆம் ஆண்டு தாயகம் திரும்பினார்.

மறு ஆண்டே, அதாவது 1920இல், கல்கத்தாவில் அவர் ஒரு பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அதுவே. கல்லூரி என்றதும் பெரிய கட்டடத்தையும் விளையாட்டுத் திடலையும் மனத்தில் எண்ணாதீர்கள். அது ஒரு தனிமனிதரின் முயற்சியால் நடந்த சிறிய நிறுவனம். அதனை நடத்தப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? கல்கத்தாவில் நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்னும் குளிர்பானக் கடையை அகமது நடத்தினார். சோடாவும் ஐஸ்கிரீமும் விற்ற அந்தக் கடையின் வருவாயே கல்லூரியைத் தாங்கியது. இனிப்பு பல்லைக் கெடுக்கும் என்று கற்பிக்கும் கல்லூரிக்கு இனிப்பு விற்ற காசே உதவியது! இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிக்கத் தவறுவதில்லை. ஆனால், கைம்முதல் இல்லாத ஒருவர் தம் எண்ணத்தைக் கைவிடாமல் காக்க வேறு என்ன செய்திருக்க முடியும்?

பல் மருத்துவக் கல்லூரியில் என்னதான் கற்பிப்பர் என்று நீங்கள் கேட்கலாம். மனிதருக்குப் பாற்பற்கள் 20, நிலையான பற்கள் 32. அவற்றுள் வெட்டும் பற்கள், கோரைப் பற்கள், கடைவாய்ப் பற்கள் எனப் பல வகை உண்டு. ஒவ்வொரு பல்லின் முகடும் பள்ளமும் வேரும் வெவ்வேறானவை. மாணவர் மெழுகுக் கட்டியை எடுத்து, சிறு கத்தியால் செதுக்கிச் செதுக்கி, அப்படியே ஒரு பல்லை உருவாக்கிக் காட்ட வேண்டும். வடிவம் சற்றே பிழைத்தாலும் மீண்டும் செதுக்க வேண்டியதுதான். கைக்கு அந்தப் பழக்கம் வந்த பிறகே சொத்தையைக் குடைந்து அடைக்கவும், செயற்கைப் பல் கட்டவும் பயிற்சி தருவர். உடற்கூறும் மருந்தியலும் இவற்றோடு சேரும். எனவேதான் பல் மருத்துவக் கல்வி சிற்பக்கலையும் மருத்துவமும் கலந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இக்கல்லூரியில் பெண்களும் பயின்றனர். பின்னாளில் பாகிஸ்தானின் பொதுவாழ்வில் புகழ்பெற்ற ஃபாத்திமா ஜின்னா இங்குக் கற்று, 1923ஆம் ஆண்டு பம்பாயில் பல் மருத்துவமனை தொடங்கினார். பெண் ஒருத்தி தனியே மருத்துவத் தொழில் நடத்துவது அரிதாயிருந்த காலம் அது.

அகமது கற்பித்ததோடு நில்லாமல், 1925இல் பல் மருத்துவத்திற்கென ஓர் இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் வங்காளப் பல் மருத்துவர் சங்கத்தையும் நிறுவினார். மாணவர்களுக்கான கைந்நூலை 1928இல் வெளியிட்டார். முறையாகக் கற்றவரே பல் மருத்துவம் செய்யவேண்டும் என்பதற்குச் சட்டம் தேவை என வலியுறுத்தினார். வங்காளத்தில் அத்தகைய சட்டம் 1939இல் வந்தது. இந்தியா முழுமைக்குமான பல் மருத்துவர் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. தெருவோரக் குறடுக்கு முடிவு கட்டத் தொடங்கியவை இச்சட்டங்களே.

அடுத்து அவர் செய்த செயல் என்னை மிகவும் வியக்க வைப்பது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தம் உழைப்பால் வளர்த்த கல்லூரியை 1949இல் மேற்கு வங்க அரசுக்குக் கொடையாக அளித்துவிட்டார். தம் பிள்ளையைப் பிறர் கையில் ஒப்படைப்பது போன்றது அது. ஆயினும், ஒருவர் கைப்பொருளை நம்பி நடக்கும் கல்லூரி அவரோடு முடிந்துபோகக்கூடும். அரசின் கைக்கு வந்தால் நிலைக்கும்.

அதன்பின் அவர் மேற்கு வங்க அமைச்சரவையில் இடம்பெற்றார். வேளாண்மை, கூட்டுறவு ஆகியவற்றோடு அகதிகள் மறுவாழ்வுத் துறையையும் கவனித்தார். நாட்டுப் பிரிவினையால் கிழக்கு வங்கத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் வீடிழந்து வந்த காலம் அது. அவர்களுள் ஒரு பகுதியினர் 1949 முதல் நம் அந்தமானில் குடியமர்த்தப்பட்டனர். சௌல்தாரியில் உங்களோடு ஒரே வகுப்பில் அமரும் வங்காளத் தோழர்களிடம் கேட்டுப்பாருங்கள். சிலருடைய தாத்தா பாட்டிமார், அகமது பிறந்த அதே மண்ணிலிருந்து வந்தவர்களாக இருக்கலாம்.

இந்திய அரசு 1964இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. மறு ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் அவர் மறைந்தார்.

தமிழ்நாட்டில் அரசு பல் மருத்துவக் கல்வி, சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக 1953இல் தொடங்கியது. நம் தீவுகளில் பல் மருத்துவக் கல்லூரி இல்லை. இங்கிருந்து அப்படிப்பை நாடும் மாணவர் இன்றும் கடல் கடந்தே செல்கின்றனர். அவர்களுள் ஒருவர் கொல்கத்தாவில் இறங்கி, சியால்தா ரயில் நிலையத்துக்கு அருகே சென்றால், டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி என்னும் பெயர்ப்பலகையைக் காணலாம். உள்ளே மெழுகில் பல் செதுக்கும் மாணவர்கள் இருப்பர். வெளியே கன்னத்தைக் கையால் தாங்கியபடி நோயாளிகள் வரிசையில் நிற்பர்.