சாரணர் தந்தை பேடன் பவல் பிரபு



நம் பெக்கான் நானாசுக்கு அண்மையில் குனோங் பூலாய் மலை நிற்பதை நீங்கள் அறிவீர்கள். 654 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் காடு தனியொருவருக்குச் சொந்தமானதன்று. அரசின் காவலில் உள்ள பொதுநிலம் அது. எனவே அது நம் எல்லாருக்கும் உரியது. நமக்குப் பின் வருவோர்க்கும் உரியது. அம்மலையில் ஊறும் நீரை அணைகட்டித் தேக்கி, குடிநீராக்கி மக்களுக்கு வழங்கி வருவது ஏறத்தாழ நூறாண்டு வழக்கம்.

சென்ற விடுமுறையொன்றில் நம் பள்ளிக் குருளைச் சாரணரை அம்மலையடிவாரத்திற்கு ஒரு நாள் முகாமுக்கு அழைத்துச் சென்றோம். நமக்கு முன் அங்கே தங்கியவர்கள் விட்டுச் சென்ற சாம்பற் குவியலும், தகர டப்பாக்களும், நெகிழிப் பைகளும் ஓடைக்கரையெங்கும் சிதறிக் கிடந்தன. சிறுவர்கள் முகம் சுளித்தனர். ஆனால் மாலையில் நாம் புறப்பட்டபோது நடந்தது என்ன? அதனை இக்கட்டுரையின் இறுதியில் சொல்கிறோம். அதற்கு முன், சிறுவர்களுக்கு முகாம் வாழ்வைக் கற்பித்த ஒரு பெரியாரின் வரலாற்றைக் காண்போம். அவர்தாம் சாரணர் இயக்கத்தின் தந்தை பேடன் பவல் பிரபு.

இளமை

இராபர்ட் பேடன் பவல் 1857ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் வடிவ கணிதப் பேராசிரியராக விளங்கியவர், சமயக் குருவுமாவார். குழந்தைக்கு மூன்று வயது ஆனபோது, 1860இல், அவர் மறைந்தார். பல பிள்ளைகளையும் வளர்க்கும் பொறுப்பு அன்னை என்றியட்டா கிரேசின் தோள்மீது விழுந்தது. மனந்தளராத அவ்வம்மையார் பிள்ளைகளுக்குக் கல்வியோடு இயற்கையின்பால் ஆர்வத்தையும் ஊட்டினார். விடுமுறை வந்தால் அண்ணன்மாரோடு படகேறிக் கடலிலும் ஆற்றிலும் சுற்றுவதும், திறந்த வெளியில் சமைத்து உண்பதும் இராபர்ட்டுக்குப் பெருமகிழ்ச்சி.

சார்ட்டர்ஹவுஸ் என்னும் பள்ளியில் அவர் பயின்றார். அப்பள்ளி 1872இல் இலண்டனிலிருந்து கோடல்மிங் என்னும் சிற்றூருக்கு மாற்றப்பட்டது. பள்ளியை அடுத்து ஒரு சோலை இருந்தது. மாணவர்கள் அங்கே செல்லலாகாது என்பது விதி. இராபர்ட்டோ ஒருவரும் அறியாமல் அச்சோலைக்குள் புகுந்துவிடுவார். பறவைகளின் குரலைக் கேட்பார். விலங்குகளின் அடிச்சுவடுகளை ஆராய்வார். முயலைக் கண்ணிவைத்துப் பிடித்துச் சமைப்பார். புகை எழுந்தால் ஆசிரியர்கள் கண்டுகொள்வார்கள் அல்லவா? அதற்காகக் காய்ந்த சிறு சுள்ளிகளால் புகையில்லாத சிறு நெருப்பு மூட்டக் கற்றுக்கொண்டார். விதியை மீறியது தவறே. மாணவர்கள் அதனைப் பின்பற்ற வேண்டா. ஆயினும் பெருந்தீ தேவையில்லை, ஒரு கைப்பிடிச் சுள்ளியே சோறு சமைக்கப் போதும் என்னும் பாடத்தை அவர் அச்சோலையில் கற்றார். வந்து சென்ற சுவடு தெரியாமல் இருக்கவும் அங்கேதான் பழகினார்.

படைத்துறை வாழ்வு

1876இல், பத்தொன்பதாம் வயதில், குதிரைப்படை அதிகாரியாக இந்தியாவின் இலக்னோ நகருக்கு வந்தார். பகைவர் அறியாவண்ணம் முன்சென்று, நிலத்தின் அமைப்பையும் காலடித் தடங்களையும் கண்டு செய்தி கொணரும் ஒற்றுவேலையில் அவர் சிறந்து விளங்கினார். பின்னர் ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் பணியாற்றினார். அங்குள்ள காடுகளிலும் புல்வெளிகளிலும் இரவு பகலாக அலைந்து பெற்ற அறிவை 1899இல் ஒரு சிறு நூலாக்கினார். அது படைவீரர்களுக்காக எழுதப்பட்டது.

அதே ஆண்டு அக்டோபரில் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டது. மாபெக்கிங் என்னும் சிற்றூரைப் பகைவர் முற்றுகையிட்டனர். பேடன் பவல் தலைமையில் அவ்வூர் 217 நாள் தாக்குப் பிடித்தது. செய்தி சுமந்து செல்லும் வேலையை அங்கே சிறுவர் படையொன்று செய்தது. சிறுவர்களை நம்பிப் பொறுப்பைக் கொடுத்தால் அவர்கள் அதனை நிறைவேற்றுவார்கள் என்பதை அவர் கண்கூடாகக் கண்டார். முற்றுகை நீங்கியபின் இங்கிலாந்து முழுவதும் அவரைப் போற்றியது. எனினும், அம்முற்றுகையில் பசியால் மிகுதியும் வாடியவர்கள் அவ்வூர்க் கறுப்பின மக்களே. அவர்களுக்கு உணவு பங்கிட்ட முறையைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் குறை கூறியுள்ளனர். பெரியோர் வரலாற்றைப் படிக்கும்போது நிறையோடு குறையையும் அறிந்துகொள்வதே நேர்மை.

பிரவுன்சித் தீவு முகாம்

தாயகம் திரும்பிய பேடன் பவல் ஒரு புதுமையைக் கண்டார். படைவீரர்களுக்காகத் தாம் எழுதிய நூலைச் சிறுவர்கள் ஆவலோடு படித்துக்கொண்டிருந்தனர்! போருக்கன்றி, நல்வாழ்வுக்கே இக்கலையைக் கற்பித்தால் என்ன என்று அவர் எண்ணினார். எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க, 1907ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த பிரவுன்சி என்னும் சிறு தீவில் முகாம் ஒன்றை நடத்தினார்.

ஏறத்தாழ இருபது சிறுவர்கள் அதில் கலந்துகொண்டனர். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பாதி. உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள் பாதி. அக்காலத்து இங்கிலாந்தில் இவ்விரு சாராரும் ஒரே கூடாரத்தில் உறங்குவதும், ஒரே அடுப்பில் சமைத்து உண்பதும் நினைத்துப் பார்க்க இயலாதவை. பேடன் பவல் அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்தார். ஒவ்வோர் அணிக்கும் ஒரு விலங்கின் அல்லது பறவையின் பெயர். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன். ஆப்பிரிக்க மான்கொம்பை ஊதி விடியலில் எழுப்பினார். முடிச்சுப் போடுதல், நெருப்பு மூட்டுதல், தடம் காணுதல், முதலுதவி, உயிர்காத்தல் ஆகியவற்றைப் பகலில் கற்பித்தார். இரவில் தீயைச் சுற்றி அமர்ந்து கதைகள் சொன்னார்.

இம்முகாமின் அனுபவம் 1908இல் சிறுவர் சாரணியம் பற்றிய நூலாக வெளிவந்தது. அந்நூலில் முகாம் ஒழுக்கத்திற்கு அவர் தனியிடம் அளித்தார். நெருப்பு மூட்டுமுன் சுற்றியுள்ள புல்லையும் சருகையும் அகற்ற வேண்டும் என்றார். நிலத்துக்கு உரியவரிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும் என்றார். முகாம் கலைந்த இடத்தைப் பார்த்தே அங்குத் தங்கியவர் நல்ல சாரணரா அல்லரா என்று சொல்லிவிடலாம் என்பது அவருடைய உறுதியான கருத்து.

உலகெங்கும் பரவிய இயக்கம்

நூலைப் படித்த சிறுவர்கள் தாங்களாகவே அணி அமைக்கத் தொடங்கினர். 1909இல் இலண்டனில் நடந்த சாரணர் பேரணிக்குச் சிறுமிகளும் வந்து நின்றனர். தங்களுக்கும் இடம் வேண்டும் என்றனர். 1910இல் தம் தங்கை ஆக்னசின் துணையோடு பெண்கள் சாரணர் இயக்கத்தை அவர் தோற்றுவித்தார். அதே ஆண்டு படைப்பணியிலிருந்து ஓய்வுபெற்று, எஞ்சிய வாழ்நாளைச் சிறுவர்களுக்கே ஒப்படைத்தார். 1912இல் அவர் மணந்த ஒலேவ் அம்மையாரும் பிற்காலத்தில் பெண் சாரணரின் உலகத் தலைவியானார்.

நம் மூதாதையர் நாட்டிலும் இவ்வியக்கம் 1909இல் பெங்களூரில் கால்கொண்டது. ஆனால் தொடக்கத்தில் ஐரோப்பியச் சிறுவர்க்கும் ஆங்கிலோ இந்தியச் சிறுவர்க்குமே அதில் இடமிருந்தது. இந்தியச் சிறுவர்கள் ஒதுக்கப்பட்டனர். இதனைப் பொறாத அன்னிபெசண்ட் அம்மையார், முதல் உலகப்போர்க் காலத்தில் சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சாரணர் சங்கம் கண்டார். 1921இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தார். சென்னையில் அச்சிறுவர்களை நேரில் கண்டார். அச்சங்கம் பொது இயக்கத்தோடு இணைந்தது, கதவு திறந்தது. இன்று தோட்டத்துப் பிள்ளைகளும் சாரணர் கழுத்துத் துணியை அணிந்து நிற்பதை நினைக்கும்போது, அந்த 1921ஆம் ஆண்டையும் நாம் மறத்தலாகாது.

1919இல் சாரண ஆசிரியர்களுக்கான பயிற்சி நிலம் கில்வெல் என்னுமிடத்தில் திறக்கப்பட்டது. 1920இல் இலண்டனில் கூடிய முதல் உலகச் சாரணர் பெருவிழாவில், பல நாட்டுச் சிறுவர்களும் அவரை உலகத் தலைமைச் சாரணராக ஏற்றுப் போற்றினர். 1929இல் அவருக்குப் பிரபு பட்டம் வழங்கப்பட்டது. தாம் ஆண்ட ஊர்ப்பெயரையோ, வென்ற போர்க்களப் பெயரையோ அவர் பட்டத்தோடு சேர்த்துக்கொள்ளவில்லை. கில்வெல் என்னும் அந்த முகாம் நிலத்தின் பெயரையே சேர்த்துக்கொண்டார்.

தீவை மூடிய தீ

முதல் முகாம் நடந்த பிரவுன்சித் தீவுக்குப் பின்னர் நேர்ந்ததையும் அறிதல் வேண்டும். 1934இல் அத்தீவில் தீப்பற்றியது. ஒரு வாரம் எரிந்த அந்நெருப்பில் தீவின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அப்போது தீவுக்கு உரிமையாளராக இருந்த அம்மையார் மனம் நொந்து, வெளியார் எவரும் கால்வைக்கலாகாது என்று தடைவிதித்தார். 1961இல் அவர் இறக்கும்வரை அத்தடை நீடித்தது. உலகச் சாரணர்களின் தொட்டிலாகிய தீவிலேயே கால்நூற்றாண்டுக்கும் மேலாக மக்கள் நுழைய முடியாமற்போயிற்று! பின்னர் அத்தீவு நாட்டு மரபுச் செல்வங்களைக் காக்கும் அறநிறுவனத்தின் பொறுப்புக்கு வந்தது. 1963இல் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது, பேடன் பவலின் துணைவியார் ஒலேவ் அம்மையாரே வந்து மரக்கன்று ஒன்றை நட்டார். இன்று அங்கே மீண்டும் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. அரிய செந்நிற அணில்கள் கிளைகளில் துள்ளுகின்றன.

அந்நிகழ்ச்சியைக் காண பேடன் பவல் உயிரோடில்லை. 1938இல் அவர் கென்யா நாட்டின் நையேரி என்னும் ஊரில் சிறு வீடொன்றில் குடியேறியிருந்தார். 1941ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள், தம் 83ஆம் வயதில் அங்கே மறைந்தார். கென்யா மலையை நோக்கிய அவர் கல்லறையில் ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் பொறிக்கப்பட்டுள்ளன. வீடு திரும்பிவிட்டேன் என்பதைத் தெரிவிக்கும் சாரணர் வழிக்குறி அது. தமக்குப்பின் சாரணர்கள் படிக்கவெனக் கடிதம் ஒன்றையும் அவர் எழுதி வைத்திருந்தார். முகாம் நிலத்துக்குத் தாம் வகுத்த விதியையே அதில் உலகம் முழுமைக்கும் விரித்துரைத்தார். நாம் வந்தபோது இருந்ததைவிட உலகைச் சற்று மேலான நிலையில் விட்டுச் செல்ல முயல வேண்டும் என்பதே அதன் கருத்து.

நாம் செய்யத்தக்கவை

பேடன் பவல் காலத்தில் தழைகளைப் பரப்பிப் படுக்கை அமைப்பதும், கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டுவதும் வழக்கம். அன்று முகாமிடுவோர் சிலரே. காடு அதனைத் தாங்கியது. இன்று செல்வோர் தொகை பெருகிவிட்டது. ஆகவே பச்சை மரத்தை வெட்டுதல் கூடாது. மண்ணைக் கிளறுதலும் கூடாது. காட்டிலாகாவின் அனுமதி பெற்றே உட்புக வேண்டும். கொண்டுசென்ற நெகிழியையும் தகரத்தையும் புதைக்காமல் திரும்பக் கொண்டுவர வேண்டும். மலசலம் கழிக்கும் குழி, ஓடையிலிருந்து 60 மீட்டருக்கு அப்பால் இருத்தல் வேண்டும். மூட்டிய தீயை நீரூற்றி அணைத்து, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்தபின்பே அகல வேண்டும்.

இனி, முதலில் சொன்ன முகாமுக்கு வருவோம். மாலையில் பிறர் குப்பையையும் நம் குப்பையையும் பொறுக்கி மூட்டை கட்டிப் பெருமிதத்தோடு புறப்பட்டோம். பாதிவழி வந்தபின், துணைக்கு வந்திருந்த தந்தையார் ஒருவர் திடீரென நின்றார். அடுப்புத் தீயை அணைத்தது யார் என்று கேட்டார். பிள்ளைகள் ஒருவரையொருவர் நோக்கினர். ஆசிரியர்களாகிய நாமும் ஒருவரையொருவர் நோக்கினோம். மேலே மண்ணைத் தள்ளி மூடியதோடு சரி. நீர் ஊற்றியவர் எவருமில்லை!

அவர் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. வாளி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார். பெரிய மாணவர் இருவர் அவர் பின்னே ஓடினர். மண்ணை விலக்கியபோது உள்ளே தணல் சிவந்திருந்ததாம். மூன்று வாளி நீர் ஊற்றிவிட்டு, இருட்டும் வேளையில் அவர்கள் வந்து சேர்ந்தனர்.

அவர் தோட்டத் தொழிலாளி. நம் வட்டாரத்து அன்னாசி நிலங்களில் பல்லாண்டு உழைத்தவர். இலைதழை மக்கிய நம் கரிய சதுப்பு மண்ணில் தீப்பிடித்தால், மேலே அணைந்ததுபோல் தோன்றினும் அடியில் நாட்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும் என்பதைக் கண்ணால் கண்டு அறிந்தவர். சாரணர் நூல் எதனையும் அவர் படித்ததில்லை. ஆயினும் அன்று எங்களுக்கு முகாம் ஒழுக்கத்தைக் கற்பித்தவர் அவரே.

மாணவர்களே, அடுத்த முகாமுக்கு நாம் மீண்டும் அம்மலைக்குச் செல்வோம். வாளி சுமப்பதற்கென இம்முறை முதலிலேயே ஓர் அணியைத் தேர்ந்துவைப்போம். பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளைத் தயங்காது அனுப்புங்கள். இயன்றால் நீங்களும் உடன் வாருங்கள்.

வாழ்க பேடன் பவல் பிரபுவின் தொண்டு! வளர்க நம் சாரணர் படை!