இன்சுலின் தந்த பேண்டிங்

நம் நாட்டுப் பள்ளிகளில் நவம்பர் 14 குழந்தைகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதே நாள் உலக நீரிழிவு நாளும் ஆகும். இன்சுலினைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான பிரெடெரிக் பேண்டிங், 1891-ஆம் ஆண்டு அந்நாளில்தான் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில், ஓர் உழவர் வீட்டின் கடைசிக் குழந்தையாகப் பிறந்தார்.

மருத்துவம் பயின்ற அவர் முதல் உலகப்போரில் படை மருத்துவராகப் பணியாற்றினார். 1918-இல் தம் கையில் குண்டுச் சிதறல் பாய்ந்த பின்னும் மற்ற வீரர்களுக்கு மருத்துவம் செய்து வீரப்பதக்கம் பெற்றார். ஆனால், 1920-இல் அவர் தொடங்கிய மருத்துவமனைக்கு நோயாளிகள் வரவில்லை. முதல் மாத வருவாய் 4 டாலர் மட்டுமே. ஆகவே, கல்லூரியில் பாடம் நடத்தும் பகுதிநேரப் பணியையும் ஏற்றார். அக்டோபர் இறுதியில் ஒருநாள் இரவு, அடுத்த பாடத்துக்காகக் கணையத்தைப் பற்றிப் படித்தவருக்கு உறக்கம் வரவில்லை.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் உள்ளது. அது செரிமான நீரைச் சுரந்து, நாளத்தின் வழியாகச் சிறுகுடலுக்கு அனுப்புகிறது. அதனுள்ளே சிறு தீவுகளைப் போல லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. இவற்றுக்கு நாளம் இல்லை. தாம் சுரப்பதை நேரே குருதியில் கலந்துவிடுகின்றன. இவ்வாறு குருதியில் பயணம் செய்து, தொலைவிலுள்ள உறுப்புகளை இயக்கும் பொருள்களே ஹார்மோன்கள். குருதியிலுள்ள சர்க்கரை தசை முதலியவற்றின் செல்களுக்குள் புகத் துணைபுரியும் ஹார்மோன் இன்சுலின். அது இல்லையேல், குருதியில் சர்க்கரை நிரம்பியிருந்தும் உடல் பட்டினி கிடக்கும்.

அந்த ஹார்மோனைத் தேடிக் கணையத்தை அரைத்துச் சாறெடுத்தவர்கள் பலர்; நோயாளிக்கு உதவும் மருந்து எவருக்கும் கிட்டவில்லை. செரிமான நீரே ஹார்மோனைச் சிதைக்கிறது எனக் கருதப்பட்டது. நாளத்தைக் கட்டிவிட்டால், செரிமான நீர் சுரக்கும் பகுதி நலிந்து, திட்டுகள் மட்டும் எஞ்சுமே என்று பேண்டிங்குக்கு அவ்விரவில் தோன்றியது.

டொரன்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மெக்லியாட் முதலில் தயங்கினார். பின்னர் ஓர் ஆய்வுக்கூடமும் சில நாய்களும் தந்தார். 1921 மே மாதம் பேண்டிங்கும் பெஸ்ட் என்னும் இளைஞரும் பணியைத் தொடங்கினர். கோடை வெயிலில் பல நாய்கள் இறந்தன. இறுதியில், நீரிழிவுற்ற நாய் ஒன்றின் குருதிச் சர்க்கரை அவர்கள் எடுத்த சாற்றினால் குறைந்தது. நாளத்தைக் கட்ட வேண்டிய தேவையே இல்லை என்பது பின்னர்த் தெரியவந்தது. தவறான வழி சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது எனலாம்.

அக்காலத்தில் நீரிழிவுற்ற சிறுவர்களுக்கு உணவைக் குறைப்பதே மருத்துவம். நோயால் மட்டுமன்றிப் பசியாலும் அவர்கள் மெலிந்தனர். லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனின் எடை 30 கிலோகிராம்கூட இல்லை. 1922 ஜனவரி 11 அன்று அவனுக்கு ஊசி போடப்பட்டது. பயன் மிகக் குறைவு. ஊசி போட்ட இடமும் வீங்கியது. சாற்றில் மாசு மிகுதி. வேதியியல் அறிந்த காலிப் இரவுபகலாக அதனைத் தூய்மைப்படுத்தினார். ஜனவரி 23 அன்று மீண்டும் ஊசி போட்டபோது சர்க்கரை இறங்கியது. சிறுவன் எழுந்து நடமாடினான். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

இன்சுலினுக்கான காப்புரிமையைப் பெஸ்ட், காலிப் ஆகியோருடன் தாமும் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு 1 டாலருக்குக் கொடுத்துவிட்டார் பேண்டிங். 1923-இல் நோபல் பரிசு அவருக்கும் மெக்லியாடுக்கும் கிடைத்தது. பெஸ்டின் பெயர் விடுபட்டதால் சினங்கொண்ட பேண்டிங், தம் பரிசுத் தொகையில் பாதியை அவருக்கு அளித்தார். மெக்லியாடும் தம் பங்கைக் காலிப்புடன் பகிர்ந்துகொண்டார்.

இரண்டாம் உலகப்போரின்போது இங்கிலாந்துக்குப் புறப்பட்ட பேண்டிங்கின் விமானம் நியூஃபவுண்ட்லாந்தில் விழுந்து நொறுங்கியது. காயமுற்ற அவர் 1941 பிப்ரவரி 21 அன்று உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 49.