ஐன்ஸ்டைன் செய்த ஃபிரிட்ஜ்

ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகும் ஃபிரிட்ஜ் மட்டும் 'ம்ம்ம்'னு முனகிக்கிட்டே இருக்கும். திடீர்னு ஒரு 'டக்'. அப்புறம் 'களகள'. ரிப்பேர் ஆயிடுச்சோன்னு அம்மா கேட்பாங்க. நண்பர்களே, அந்த முனகலைப் போடுற பாகமே இல்லாமல் ஒரு ஃபிரிட்ஜ் செய்யப் பார்த்தவர் யார் தெரியுமா? ஆல்பர்ட் ஐன்ஸ்டைன்!

1879 மார்ச் 14 அன்று ஜெர்மனியின் உல்ம் நகரில் பிறந்தவர். அப்பாவும் சித்தப்பாவும் மியூனிக்கில் மின்சாதனத் தொழில் நடத்தியதால், சின்ன வயசிலேயே டைனமோவைப் பார்த்து வளர்ந்தார். 1902 முதல் 1909 வரை பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் அடுத்தவர்களின் கண்டுபிடிப்புகளைச் சோதிக்கும் வேலை. 1905-ல் சிறப்புச் சார்பியல் கொள்கையை எழுதியதும் அந்த வேலையில் இருந்தபோதுதான். பிறகு பெர்லின், நோபல் பரிசு, உலகப் புகழ்.

1926 வாக்கில் பெர்லின் செய்தித்தாள் ஒன்றில் ஒரு துயரச் செய்தி. ஃபிரிட்ஜில் இருந்து கசிந்த விஷவாயுவால் குழந்தைகளோடு ஒரு குடும்பமே இறந்துபோனது. அப்போதைய ஃபிரிட்ஜ்களில் ஓடியது அமோனியா, மெத்தில் குளோரைடு, சல்ஃபர் டைஆக்சைடு. கம்ப்ரஸரின் சுழலும் தண்டைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்தால் வாயு வெளியே வந்துவிடும்.

செய்தி ஐன்ஸ்டைனை உலுக்கியது. லியோ ஸிலார்ட் என்ற இளம் இயற்பியலாளரோடு உட்கார்ந்தார். அசையும் பாகம் இருந்தால்தானே சீல் வேணும்? சீல் இருந்தால்தானே கசியும்? இருவரும் சேர்ந்து 45-க்கும் மேற்பட்ட காப்புரிமை விண்ணப்பங்கள் போட்டார்கள்.

அதில் முக்கியமானது மின்காந்த பம்ப். மூடிய குழாய்க்குள் திரவ உலோகம், வெளியே சுருள்கள். காந்தப்புலம் அந்த உலோகத்தையே பிஸ்டன் மாதிரி தள்ளும். ஏஇஜி நிறுவனம் செய்து பார்த்தது. ஆனா ஆன் பண்ணினதும் அது ஊளையிட்டது! ஓடும் உலோகத்தில் குமிழ்கள் தோன்றி உடைவதுதான் காரணம். நாம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படிக்கிற அதே கேவிட்டேஷன். இன்ஜினியர்கள் போராடிச் சத்தத்தைக் குறைத்தார்கள். 1931 ஜூலை 31 அன்று ஆய்வகத்தில் ஃபிரிட்ஜ் ஓடியது.

கடைக்கு மட்டும் வரவில்லை. பொருளாதார மந்தம் ஒரு பக்கம். விஷமில்லாத ஃப்ரீயான் இன்னொரு பக்கம். 1932-ல் திட்டம் நின்றது. அடுத்த ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வர, இரண்டு பேருமே ஜெர்மனியை இழந்தார்கள். ஐன்ஸ்டைன் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் குடியேறி, 1955 ஏப்ரல் 18 அன்று மறைந்தார். வீட்டுச் சமையலறைக்கு வராத அந்த பம்ப் முறை, பின்னாளில் அணு உலைகளில் திரவ சோடியத்தைத் தள்ளப் பயன்பட்டது.

இன்றைய ஃபிரிட்ஜில் மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வெல்டு செய்து மூடப்பட்டிருக்கு. தேயறதுக்கு வெளியே சீலே கிடையாது. 'ம்ம்ம்' அந்தக் கூட்டுக்குள்ளிருந்து வருது. 'டக்' கம்ப்ரஸரை ஆன், ஆஃப் செய்யும் ஸ்விட்ச். 'களகள' குழாயில் ஓடும் குளிர்பதனத் திரவம். இன்னிக்கு ராத்திரி அம்மா கேட்டா, பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க. அப்படியே ஐன்ஸ்டைன் கதையையும் சொல்லுங்க!