விரல் கற்றுத்தந்த பாடம்

இசை பயிலும் நாம் அறிய வேண்டிய வாழ்க்கை ராபர்ட் ஷூமனுடையது. இன்றைய ஜெர்மனியிலுள்ள ஸ்விக்காவ் நகரில் 1810-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் இவர் பிறந்தார். தாயின் விருப்பப்படி சட்டம் பயின்றார். மனமோ பியானோவையே நாடியது. 1830-இல் சட்டப்படிப்பைத் துறந்து, லைப்சிக் நகரில் ஃப்ரீட்ரிக் வீக் என்னும் ஆசிரியரிடம் முழுநேர மாணவரானார்.

இழந்த காலத்தை ஈடுகட்டும் அவசரத்தில் ஓயாது பயின்றார். விரலுக்கு வலுவூட்ட ஒரு கருவியையும் பயன்படுத்தினார். விளைவு என்ன? 1832-இல் வலக்கை நடுவிரல் அவர் சொற்படி கேட்க மறுத்தது. கருவியா, மிகைப்பயிற்சியா, நரம்புக் கோளாறா என்று மருத்துவர்கள் இன்றும் ஆராய்கின்றனர். மேடைக் கனவு மட்டும் கலைந்தே போயிற்று.

ஆயினும் ஷூமன் சோர்ந்துவிடவில்லை, எழுதுகோலை எடுத்தார். 1834-இல் இசை இதழொன்றைத் தொடங்கினார். 1840-இல் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு இசையமைத்தார். அவ்வாண்டே ஆசிரியரின் மகள் கிளாராவை மணந்தார். கணவரின் இசையை மேடைதோறும் ஒலிக்கச் செய்தவை கிளாராவின் கைகளே. 1848-இல் தம் மூத்த மகளின் பிறந்தநாளுக்கென எழுதத் தொடங்கிய சிறுவர் இசைத் தொகுப்பை இன்றும் குழந்தைகள் வாசிக்கின்றனர். 1856 ஜூலை 29-இல் அவர் மறைந்தார்.

வயலின் பழகும் தோழியரே, உழைப்பு வேறு, உடலை வருத்துவது வேறு. விரல்களை மெதுவாகப் பழக்கிய பின்னரே விரைவாக வாசிப்போம். மணிக்கட்டை மடக்காமல், கட்டைவிரலால் வயலினை இறுகப் பற்றாமல், இடையிடையே ஓய்வெடுத்துப் பழகுவோம். வலி கண்டால் வில்லைக் கீழே வைத்து, ஆசிரியையிடமும் பெற்றோரிடமும் உடனே சொல்வோம். வலியை மறைப்பது வீரமன்று.