அண்டை வீட்டு அம்மையார் ஜேன் ஆடம்ஸ்

காந்தியடிகள், நேரு மாமா வரலாறெல்லாம் நம்ம பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். ஆகவே இம்மலரில் அமெரிக்க நாட்டு அம்மையார் ஒருவரைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

ஜேன் ஆடம்ஸ் 1860ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் இல்லினாய்ஸ் மாநிலத்தில் சீடர்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் மாவு ஆலை முதலாளி, மாநில சட்டமன்றத்திலும் இருந்தவர். தாயாரோ ஜேனுக்கு இரண்டு வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். நோயினால் ஜேனின் முதுகெலும்பு சற்று வளைந்துபோயிற்று. இவ்வளவு கம்பீரமான அப்பாவுக்கு இப்படி ஒரு பிள்ளையா என்று வெளியூரார் நினைப்பார்களே என அஞ்சி, கோயிலுக்குப் போகும்போது அப்பாவை விட்டு உறவினர் ஒருவரோடு நடப்பாராம். கூச்சம் என்றால் என்ன என்பது அவருக்குச் சின்ன வயசிலேயே தெரியும்.

1888இல் லண்டன் சென்றவர், படித்தவர்கள் ஏழைகளின் நடுவே குடியிருந்து பாடம் சொல்லித்தரும் டாயின்பி ஹால் என்ற இல்லத்தைக் கண்டார். மறு ஆண்டே தோழி எல்லன் ஸ்டாரோடு சிக்காகோ நகரில் ஹால்ஸ்டெட் தெருவில் ஹல் இல்லத்தைத் திறந்தார். சுற்றிலும் பிழைக்க வந்த இத்தாலியர், ஜெர்மானியர், கிரேக்கர், யூதர். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. பகலில் பாலர் பள்ளி, இரவில் வேலை முடிந்து வருபவர்களுக்கு ஆங்கில வகுப்பு, தையல், சமையல், சங்கக் கூட்டங்கள் என்று இல்லம் வளர்ந்து பின்னாளில் 13 கட்டடங்கள் ஆயிற்று. தெருவில் குப்பை நாறிக் கிடந்ததால் 1895இல் அம்மையாரே அவ்வட்டாரத்தின் குப்பை மேற்பார்வையாளராகி, விடியற்காலையில் வண்டிகளின் பின்னாலேயே போனார்!

ஆனால் என் மனத்தைத் தொட்டது வேறொன்று. பிள்ளைகள் பள்ளிக்குப் போய் ஆங்கிலம் பேசக் கற்றதும், தலையில் துணி கட்டிய பெற்றவளைக் கண்டு வெட்கப்படுவதை அவர் கவனித்தார். இதற்காக 1900இல் ஒரு தொழில் கண்காட்சிக்கூடம் ஏற்படுத்தி, அந்தப் பாட்டிமார்களையும் தாய்மார்களையும் அழைத்து, சொந்த ஊரில் நூற்ற மாதிரியே நூற்கவும் நெய்யவும் சொன்னார். ஓர் இத்தாலியப் பெண் பக்கத்து அறைக்குச் சமையல் வகுப்புக்கு வருவாள். அம்மாவோடு ஒன்றாக வரமாட்டாள். தான் முன்வாசலாலும் அம்மா வேறு வாசலாலும் நுழைவார்கள். ஒரு நாள் மாலை, ஆசிரியப் பயிற்சி தரும் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் தன் தாயைச் சூழ்ந்து நின்று அவள் கைத்திறனை வியப்பதைக் கண்டாள். தாயின் ஊரைப் பற்றியும், அங்கு அவள் வாழ்ந்த வாழ்வைப் பற்றியும் ஜேன் அவளுக்கு எடுத்துச் சொன்னார். அதன் பிறகு இருவரும் ஒரே வாசலில் வந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு சுருக்கென்றது. ஆறாம் வகுப்பில் நான் பரிசு வாங்கிய அன்று, அம்மா வேலைக்காட்டிலிருந்து ஒட்டுப்பால் வாடை அடிக்கிற சட்டையோடு நேரே ஓடி வந்தார். பின்னால் போய் உட்காரச் சொன்னவன் நான்தான். அம்மா ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்தார்.

முதல் உலகப் போரை ஜேன் எதிர்த்தார். 1917இல் அமெரிக்காவும் போரில் குதித்தபோது, அதுவரை புகழ்ந்த பத்திரிகைகளே அவரைத் தூற்றின. அவர் அசையவில்லை. 1931இல் அமைதிக்கான நோபல் பரிசு வந்தது. அமெரிக்கப் பெண்களில் அதைப் பெற்ற முதல்வர் அவரே.

1935 மே 21ஆம் நாள் அம்மையார் காலமானார். இறுதிச் சடங்கு ஹல் இல்லத்து முற்றத்திலேயே நடந்தது. இறுதி மரியாதை செலுத்த ஆயிரக்கணக்கானோர் வந்தனர். பிறகு சீடர்விலுக்குக் கொண்டுபோய்ச் சொந்த மண்ணில் அடக்கம் செய்தார்கள்.