மணலின்மேல் கட்டின ஜெனரல்



திருச்சியில் வளர்ந்த எனக்கு முக்கொம்பு என்றாலே சின்ன வயசில் கட்டுச்சோறு ஞாபகம்தான். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போவார்கள். மதகுப் பாலத்தின்மேல் ஓடி விளையாடுவோம். அதைக் கட்டினது யார் என்று நாங்கள் கேட்டதுமில்லை. பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்த என் தகப்பனார்தான் ஒருநாள் அந்தப் பேரைச் சொன்னார். சர் ஆர்தர் காட்டன். இனி நம்மால் என்ன ஆகும் என்று அப்பா மனம் சோர்ந்து உட்கார்ந்திருந்த நாட்கள் அவை.

காட்டனும் பட்டாளத்துக்காரர்தான். 1803-ல் இங்கிலாந்தில் பிறந்தார். பதினெட்டு வயசில், 1821-ல், மதராஸ் இன்ஜினியர் படையின் அதிகாரியாய் நம்ம நாட்டில் வந்து இறங்கினார். 1824-ல் பர்மா யுத்தம் மூண்டது. அங்கே போய்க் கோட்டைகளைத் தாக்கும் படைகளை முன்நின்று நடத்தினார். சுவர்களை இடிக்கப் பழகின கைகள் அவை.

திரும்பி வந்த அவருக்கு 1828-ல் காவேரிப் பாசனத்தை ஆராயும் வேலை கொடுக்கப்பட்டது. நம்ம ஊர் ஆற்றின் நிலைமை அப்போது எப்படி இருந்தது தெரியுமா? முக்கொம்பில் ஆறு இரண்டாய்ப் பிரிகிறது. தெற்கே காவேரி, வடக்கே கொள்ளிடம், நடுவிலே ஸ்ரீரங்கம் தீவு. கொள்ளிடம் பள்ளமாய் இருந்தபடியால் தண்ணீரெல்லாம் அதன் வழியாய் ஓடி வீணாய்க் கடலில் விழுந்தது. காவேரியோ மணல் மூடி மேடேறிப்போனது. தஞ்சாவூர்ச் சீமையின் வயல்கள் தண்ணீருக்கு ஏங்கின.

பாறையே தட்டாத மணல் ஆற்றில் அணை கட்டுவது எப்படி? இங்கேதான் காட்டனின் தாழ்மையைப் பார்க்கிறோம். சீமையில் படித்தவன் நான் என்று அவர் மார்தட்டவில்லை. ஸ்ரீரங்கம் தீவின் கீழ்க்கோடியில் இருக்கும் கல்லணைக்குப் போனார். கரிகாலன் காலத்தது என்று நாம் சொல்லும் அந்த அணையின் அஸ்திவாரத்தைச் சோதித்துப் பார்த்தார். ஆழம் தெரியாத மணலிலும் கல்லை இறக்கி அணையை நிறுத்தலாம் என்கிற வித்தையை நம் முன்னோரிடத்தில்தான் கற்றேன் என்று பிற்காலத்தில் மறைக்காமல் ஒத்துக்கொண்டார். ஆபிரகாமின் துரவுகளை ஈசாக்கு மறுபடியும் தோண்டினது உங்களுக்கு ஞாபகம் வருகிறதா? எனக்கு வந்தது.

முதலில் கல்லணையில் மணல் போக்கிகளை அமைத்தார். பிறகு 1836 முதல் 1838-க்குள் முக்கொம்பில் மேலணையும், கீழே அணைக்கரையில் கீழணையும் கொள்ளிடத்தின் குறுக்கே எழும்பின. காவேரியில் மறுபடியும் தண்ணீர் புரண்டது. கம்பெனிக்கு வரி கூடினது உண்மைதான். ஆனாலும் குடியானவன் வீட்டில் அடுப்பு எரிந்ததே!

ஓயாத உழைப்பில் உடம்பு கெட்டுப்போய், ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியாத் தீவுக்குப் போய்த் தங்கினார். 1841-ல் எலிசபெத் லியர்மந்த் அம்மையாரை மணந்தார். மறு வருஷம் அங்கேயே மகள் பிறந்தாள். சுகமானதும் குடும்பத்தோடு திரும்பி வந்து, 1847-ல் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைத் தொடங்கி 1852-ல் முடித்தார். முக்கொம்பில் கற்ற பாடம் அங்கேயும் கைகொடுத்தது. இன்றைக்கும் கோதாவரிக் கரையில் அவருக்குச் சிலைகள் உண்டு.

அவருக்கு எதிர்ப்பும் கொஞ்சமல்ல. ரயிலுக்குக் கொட்டும் பணத்தை வாய்க்காலுக்குக் கொடுங்கள், பஞ்சம் தீரும் என்று வாதாடினார். 1878-ல், 75 வயசில், லண்டன் பார்லிமென்ட் குழுவின் முன்பாகவும் நின்றார். அவர் கேட்டது கிடைக்கவில்லை. அதற்காக மூலையில் முடங்கிவிட்டாரா? இல்லை! டார்க்கிங் ஊரில் தன் தோட்டத்து மண்ணை ஆழமாய்க் கொத்தி, கோதுமை அதிகமாய் விளையுமா என்று சோதித்துக்கொண்டிருந்தார். 1899-ல், 96 வயசில், அங்கேயே கண்களை மூடினார்.

டாஸ்மேனியாவில் பிறந்த அந்த மகள், பிற்காலத்தில் லேடி ஹோப் என்று பேர்பெற்று, சுவிசேஷ ஊழியமும் மதுவிலக்கு ஊழியமும் செய்தார்கள். தகப்பனாருடைய ஜீவசரித்திரத்தை 1900-ல் வெளியிட்டதும் அவர்களே. ஊர் புகழலாம், சிலை வைக்கலாம். சொந்தப் பிள்ளை தகப்பனைப்பற்றி ஆசையாய் எழுதுவது பெரிய சாட்சி அல்லவா?

ஏறக்குறைய 180 வருஷம் நின்ற மேலணையில், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் 9 மதகுகள் இடிந்தன. அதைப் போய்ப் பார்த்தபோது என் கண் கலங்கிவிட்டது. பிறகு புதிய அணை திறக்கப்பட்டது. மனுஷன் கட்டினது ஒருநாள் இடியத்தான் செய்யும். அதற்குள் எத்தனை தலைமுறை சாப்பிட்டது பாருங்க!

அப்பா அந்தப் பேரை எனக்குச் சொன்ன வருஷமே, எங்கள் தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். காசு வாங்கவில்லை. படுக்கையில் விழும் மட்டும் நிறுத்தவுமில்லை.

பிரியமானவர்களே, வேலையில் இருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறீர்களா? உங்கள் கைகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது.